வேலியோரம் மூன்றடி இடம் விடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி மதிலோரம் எருக்கும் தும்பையும் மண்டிக் கிடக்கின்றனவே, வெட்டி எறியக் கூடாதா என்று சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் வெட்டப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூலையை விட்டுவையுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

கத்தரிக்காயிலிருந்து தொடங்குகிறேன். நம் வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கத்தரிப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்கும் மகரந்தப் பைகள் மற்ற பூக்களைப் போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளை மட்டும்தான். உள்ளே இருப்பது உதிர வேண்டுமானால் உலுக்க வேண்டும். காற்று ஓரளவு உலுக்கும். நன்றாக உலுக்குவது, நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீ. அது பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் வேறு, இப்போது எழுவது இன்னும் கூர்மையான ஒலி. மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் கத்தரிப் பாத்தியருகே உட்கார்ந்து, வண்டு பூவில் இறங்கிவிட்டதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், அந்த ஒலியை எழுப்பியும் காட்டுவார்கள்.

ஆவாரம்பூவின் மகரந்தப் பையும் இப்படித்தான், அங்கே வருவதும் இதே வண்டுதான். கத்தரி ஓய்ந்த மாதங்களிலும் ஆவாரை பூத்திருக்கும், அக்கினி வெயிலில்கூட வாடாது. வேலியில் நின்ற ஆவாரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கத்தரியில் பூ நிற்கவில்லை என்று உரக்கடைக்கு ஓடுகிறோம். நம் பக்கத்தில் இது நடப்பதுதான் விந்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல்களெல்லாம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறித்தான் பதமாயின. நம் தாத்தாக்களுக்குச் சோறு போட்ட செடி அது.

எருக்கின் நினைவு நமக்குப் பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டும்போது மட்டும் வருகிறது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதன் இலையில் முட்டையிடுகிறது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழு ஒன்று, முதுகில் கறுத்த இழைகளை நீட்டிக்கொண்டு இலையை மேய்வதைக் கண்டால் மருந்து அடிக்காதீர்கள். அது உங்கள் மல்லிகைக்கோ ரோஜாவுக்கோ தாவாது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகளும் அதைத் தொடத் தயங்கும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இலையைக் கடிக்கும் பச்சைப் புழுக்களும் பட்டாம்பூச்சிக் குழந்தைகளே. ரசத்துக்குப் போக மீதியை அவற்றுக்கு விடலாம்.

இனி பாம்பு. கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது அதுதான். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், பதுங்க இடம் தேடியும். செங்கல் அடுக்கும், விறகுக் குவியலும், சிதறிய சோறும்தான் அதற்கு அழைப்பு. பூச்செடிகளை வாசலுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி வையுங்கள், அடியில் குப்பை சேர விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சிறு குழந்தை உள்ள வீட்டில் எருக்கு வேண்டாம், தும்பையும் ஆவாரையும் போதும். செங்காந்தள் நம் மாநில மலர்தான். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு, அதையும் வீட்டில் வைக்க வேண்டாம்.

தானாக முளைப்பதெல்லாம் நம் செடி என்று நினைத்துவிடக் கூடாது. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். அரிப்பும் மூச்சிரைப்பும் தருவது அது. கிணற்றடிப் பூண்டும் அங்கிருந்து வந்ததே, ஆனாலும் பட்டாம்பூச்சிகள் அதைச் சுற்றியே இருக்கின்றன. அதை மட்டும் நான் விட்டுவைக்கிறேன்.

ஆடிப் பட்டம் நெருங்குகிறது. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து மறுநாள் ஊன்றுங்கள். தும்பை விதையைப் புதைக்க வேண்டாம், மண்ணைக் கீறி மேலே தூவினால் போதும். மூன்றடிக்கு மூன்றடி இடம் தாராளம். மாடிவீட்டுக்காரர்களுக்குப் பழைய பெயிண்ட் டப்பா. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழ்வதால், முற்றம் முழுவதையும் சிமெண்ட் பூசிவிடாமல் ஒரு முழம் வெறும் மண் விடுங்கள். காய்ந்த மூங்கில் துண்டு இரண்டைக் கூரையோரம் கட்டித் தொங்கவிட்டால் தச்சுத் தேனீ குடியேறும். ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து செடி பெயர்த்து வர வேண்டாம். கடையில் காட்டுப்பூ விதை என்று விற்கும் வண்ணப் பொட்டலங்களும் வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பூக்கள்தான்.

பிள்ளைகள் சேர்த்த தும்பை, ஆவாரை விதைகள் பள்ளியில் இருக்கின்றன. வேண்டுவோர் வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் ஒரு பழைய காகித உறை கொடுத்தனுப்புங்கள், மேலே பெயரும் வகுப்பும் எழுதியிருக்கட்டும். பணம் எதுவும் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
வேலூர் மாவட்டம்