முதலில் ஒரு நல்ல ஷூ வாங்கு

தூத்துக்குடி
அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்கிறார். நீ ஒரு தடவை இருமினால்கூட என்ன ஏது என்று கேட்கிறார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீ தனியாக இருக்கும்போது நிதானமாகப் படி.

முதலில் ஒரு நல்ல ஷூ வாங்கு. இந்நேரம் அங்கே மழை தொடங்கியிருக்கும். நான் இருந்தபோது செப்டம்பர் வெயில் இதமாகத்தான் இருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரை நான் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கிளம்புவதற்கு முன் ஒருநாள் காலையில் தூறியதே, அன்றைக்குத்தான் லிஸ்பன் நடைபாதை எப்படிப்பட்டது என்று தெரிந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லையும் கறுப்புக் கல்லையும் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, அலையும் பூவுமாகப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஆட்கள் நடந்து நடந்து கல் எல்லாம் வழுவழுப்பாகிக் கிடக்கிறது. இறக்கத்தில் கொஞ்சம் ஈரம் பட்டால் கால் நிற்பதில்லை. உன் வீட்டுக்கு எதிரே ஒரு பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே இறங்கி வந்தார். பிறந்து வளர்ந்தவர்களுக்கே அப்படி.

துடைத்து வைக்கலாம் என்று கதவோரம் கிடந்த உன் ஷூவை எடுத்தேன். குதிகாலின் வெளிப்பக்கம் முழுவதும் தேய்ந்துவிட்டது. வலது ஷூவில் பெருவிரலுக்குக் கீழே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே பால் டப்பா அட்டையை வெட்டி மடித்து வைத்திருக்கிறாய். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கியதாகப் படம் அனுப்பிய அதே ஷூ. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனின் ஷூ இப்படித் தேய, அவன் எங்கேதான் நடக்கிறான் என்று யோசித்தேன். ஏழு குன்றுகள் மேல் கட்டிய ஊர், ஏற்றமும் இறக்கமும்தான் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதுவாகவும் இருக்கட்டும், ஷூ வாங்கு.

அடுத்து, இந்த மாதம் பணம் அனுப்பாதே. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். இந்த மழைக்குத் தார்ப்பாய் போதும். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு என் பென்ஷனில் எடுத்து வைத்தது இருக்கிறது. வளையலுக்கு வட்டி கட்டியாகிவிட்டது; அதை மீட்க ஓர் அவசரமும் இல்லை, எனக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது? அடுத்த மாதமும் அனுப்ப வேண்டாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா எல்லோரிடமும் உன்னைப் பற்றியே பேசுகிறார். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மாலையில் கடற்கரையில் கூடுகிறார்களே, அவர்களுக்கு லிஸ்பன் முழுவதும் இப்போது அத்துப்படி. நீ என்னைப் பெலெம்முக்கு அழைத்துப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் கப்பல் வடிவில் நிற்கிறதே 1960இல் கட்டிய அந்தக் கல் சின்னம், அதில் மாலுமிகளோடும் அரச குடும்பத்தாரோடும் நம் சவேரியாரும் நிற்கிறார் என்றேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 1541 ஏப்ரலில் அதே தேஜோ ஆற்றிலிருந்து கப்பல் ஏறியவர், கோவா வந்து சேரவே பதின்மூன்று மாதம் ஆகி, 1542இலேயே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்த ஆற்றை என் மகன் எனக்குக் காட்டினான் என்று நினைக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. கடை கடையாகப் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே வந்தேன். பர்னாந்து, மச்சாது, கோமஸ், வாஸ். நம் தெருவில் கதவுக்குக் கதவு எழுதியிருக்கும் பெயர்கள்.

அன்றைக்கு அந்த முட்டைப் பலகாரக் கடையில், 1837 முதல் நடக்கிறது என்று சொன்னாயே, அங்கே ஒன்றே ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தாய். மேலே கருகிய புள்ளியோடு, தொட்டால் சுட்டது. அந்தக் காலத்தில் மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளையை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சளில் இனிப்புச் செய்தார்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். நம் மக்ரூனுக்கு வெள்ளைக் கருதான் வேண்டும் என்று நான் சொன்னேன்; நீ சிரித்தாய். உனக்கு ஒன்று வாங்கேன் என்றதற்குப் பசியில்லை என்றாய். சின்ன வயதில் மக்ரூன் டப்பாவின் அடியில் கிடக்கும் தூளைக்கூட விடாத பிள்ளை நீ. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, தம்பி.

சாப்பாட்டில் கணக்குப் பார்க்காதே. காசுக்கணக்குப் பார்க்க வேறு எத்தனையோ இருக்கிறது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் மார்த்திம் மொனிஸ் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. சாளை மீன் அங்கே கொட்டிக் கிடக்கிறது. அவர்களும் நம்மைப் போலவே முள்ளோடு சுட்டுத் தின்கிறார்கள். அர்செனால் தெருவில் உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீனை அடுக்கி வைத்திருக்கும் கடை வாசலில், கருவாட்டு வாசத்தில் எனக்கு ஊரே நினைவுக்கு வந்துவிட்டது. அதை வாங்கினால் ஒருநாள் முழுக்கவாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும், அவசரப்பட்டுக் குழம்பில் போடாதே. இப்போது தெருமுனைகளில் கஷ்கொட்டை சுடும் வண்டிகள் வந்திருக்கும். ஒரு பொட்டலம் வாங்கிக் கையைச் சூடாக வைத்துக்கொள்.

ஊர்ச் செய்தி எழுத வேண்டும். அக்காவின் சின்னவளுக்கு மே மாதம் புதுநன்மை. மாமிக்கு முழங்கால் வலி குறையவில்லை. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

உன் அலுவலகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முதலில் திங்கட்கிழமை என்றாய். பிறகு கட்டடத்தில் பழுது வேலை நடக்கிறது என்றாய். உள்ளே போகவேண்டாம், வாசலில் நின்று பார்த்தால் போதும் என்றேன், தூரம் என்றாய். அப்பாவுக்கு அந்தக் கட்டடத்தின் படம் ஒன்று வேண்டுமாம். உன் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நீல நாடாவோடு ஓர் அடையாள அட்டை தொங்குகிறது. நீ காலையில் கிளம்பும்போதும் அது அங்கேதான் இருக்கிறது, திரும்பி வரும்போதும் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாமல் வாசலில் விடுவார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. உன் வதிவிட அட்டை எந்தத் தேதி வரை செல்லும்? அதை மட்டும் எனக்கு எழுது.

அந்தோனியார் கோயிலுக்கு நான் தனியாகப் போன நாளைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. பதுவை அந்தோனியார் என்றே சொல்லிச் சொல்லிப் பழகிய நமக்கு அவர் பிறந்த ஊர் லிஸ்பன் என்பது சட்டென்று நினைவில் நிற்பதில்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த பூகம்பத்தில் பழைய கோயில் இடிந்துபோய்ப் பிறகு கட்டியது இப்போது இருப்பது. கீழே இறங்கினால் அவர் பிறந்த இடம் என்று ஒரு சின்ன நிலவறை. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர். உவரியில் உனக்காக எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்! அங்கே முழங்காலில் நின்று என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

வெளியே வந்து பேராலயத்துக்குப் பக்கத்தில் 28ஆம் நம்பர் டிராமில் ஏறினேன். நீ சொன்னபடி பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே எல்லாம் மரப்பலகை. ஏற்றத்தில் அது முனகிக்கொண்டு ஏறுகிறது. சந்து குறுகும் இடத்தில் ஜன்னலில் கை நீட்டினால் வீட்டுச் சுவரைத் தொடலாம். சாந்தா லூசியாவில், ஆற்றைப் பார்க்க மேடை கட்டியிருக்கிறார்களே, அங்கே ஒரு வேன் தண்டவாளத்தை மறித்து நின்றதால் டிராமும் நின்றது. நீல ஓடு பதித்த சுவர், காகிதப்பூப் பந்தல், கீழே அல்ஃபாமாவின் கூரைகள். படம் எடுக்கும் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். உன் வயதுதான் இருக்கும். உன்னுடையதைப் போன்ற சாம்பல் நிறப் பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். காலை பதினொரு மணி. ஒரு தடவை நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தான். நம் பக்கத்துப் பையன்தான் என்று தோன்றியது.

இறங்கிப் போகலாம் என்று கம்பியைப் பிடித்து எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தானே அவன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான்; பெற்றவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் அந்தப் பெஞ்சும் அவனுக்கு இல்லாமல் போய்விடுமே என்று நினைத்தேன். வேன் நகர்ந்தது. டிராம் கிளம்பிவிட்டது. அன்று இரவு நீ, மீட்டிங் மேல் மீட்டிங் அம்மா, தலை வலிக்கிறது என்றாய். நான் சொதி வைத்திருந்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அந்தப் பையனுக்காகத்தான் இப்போது தினமும் செபமாலை சொல்கிறேன். ஒருவேளை அவனுக்கு வேலை போயிருக்கலாம். போகட்டுமே. ஆட்களைக் குறைக்கிறோம் என்று பெரிய பெரிய நிறுவனங்களே வீட்டுக்கு அனுப்புகிற காலம். வேலை போவது திருட்டா, குடியா, வெளியே சொல்லத் தலை குனிய? ஊர் விட்டு ஊர் போய், தெரியாத பாஷையைப் படித்து, ஒரு பட்டம் வாங்கி, வீட்டுக் கடனில் பாதியை அடைத்த பிள்ளை அவன். அவன் அம்மாவுக்கு அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் தப்பு. கொழும்புப் பெரியப்பா வீட்டுச் சங்கதி உனக்குத் தெரியும். பெரியம்மா இன்றைக்கும் அந்த டிபன் கேரியரைப் பரணிலிருந்து இறக்க விடுவதில்லை.

என் வகுப்பில் வருடா வருடம் ஒரு பாடம் நடத்துவேன், உனக்கும் நடத்தியிருக்கிறேன். முதன்முதலில் தமிழ் அச்சேறியது லிஸ்பனில், 1554இல். ரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறிய செப நூல். அதை ஆக்கியவர்கள் தமிழறிந்த இந்தியர் மூவர்: விசென்தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ். பிள்ளைகளுக்கு மூன்று பெயரையும் மனப்பாடமாகச் சொல்ல வைப்பேன். அந்தப் புத்தகத்தைப் பார்க்க இந்தத் தடவை வாய்க்கவில்லை. ஆனால் அந்த ஊர்த் தெருவில் நடக்கும்போதுதான் முதல் தடவையாக அவர்களை ஆட்களாக நினைத்தேன். அவ்வளவு தூரத்தில், குளிர்காலம் வரும்போது அவர்கள் என்ன போர்த்திக்கொண்டார்கள், யாரோடு தமிழ் பேசினார்கள், வீட்டுக்கு எழுதினால் கடிதம் எப்போது போய்ச் சேர்ந்தது? ஒரு வருடக் கப்பல் தூரத்தில் அவர்கள் வீட்டார் என்ன தெரிந்துகொண்டிருக்க முடியும்? உனக்கு அந்தத் தூரம் இல்லை.

நவம்பர் முதல் தேதி பூசைக்குப் போ. மறுநாள் கல்லறைத் திருநாள், தாத்தாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. மழையில் அந்த இறக்கத்தில் ஓடாதே. ஷூ வாங்கு என்று சொன்னேனே, அதற்கென்று உன் தலையணை உறைக்குள் கொஞ்சம் யூரோ வைத்துவிட்டு வந்தேன். நான் செலவுக்குக் கொண்டுவந்ததில் மிச்சம். இன்னும் பார்க்கவில்லை என்றால் நீ தலையணை உறையைத் துவைக்கவே இல்லை என்று அர்த்தம். ஊருக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வா. லீவு கிடைத்ததா என்று நான் கேட்க மாட்டேன், திரும்ப எப்போது போகிறாய் என்றும் கேட்க மாட்டேன். தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.

அப்பா மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புகிறார். இங்கே ஐந்து மணி என்றால் உனக்கு மதியம் பன்னிரண்டரை. மாதக் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு பதினொன்றரை. அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன், போன் என் கையில்தான் இருக்கும். திங்களோ புதனோ, எந்தக் கிழமையானாலும் சரி, அலுவலக நேரம் என்று பார்க்காமல் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா