சர்க்கரை நோயாளியின் இருமலையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14, உலகச் சர்க்கரை நோய் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு என்று சர்க்கரை பதம் பார்க்கும் உறுப்புகளை மருத்துவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கியிருந்தார்கள். நுரையீரலைப் பற்றி மட்டும் ஒரு சொல்கூட இல்லை. அரசு காசநோய் மையங்களில் முப்பத்தோரு ஆண்டுகள் சளி மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்து ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் என்ற முறையிலும், சர்க்கரையும் காசநோயும் ஒருசேர வந்த ஒருவரின் அண்ணன் என்ற முறையிலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. 17 லட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கிய 13 ஆய்வுகளைத் தொகுத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இது. செய்தி புதியதும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சர்க்கரை நோயாளிகளைக் கவனித்துவந்த ஹோவர்டு ரூட் என்ற மருத்துவர் 1934-லேயே இந்தத் தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் நம் மண்ணில் இந்த இரண்டு நோய்களும் சந்தித்துக்கொள்ளும் அளவு அந்த நாடுகளில் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி, 15 வயதைக் கடந்த இந்தியர்களில் 31 விழுக்காட்டினரின் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுவதும் நோயாக மாறாமல் உறங்கிக் கிடக்கும். அதைச் சுற்றிவளைத்து அடக்கி வைத்திருப்பவை நம் நோய் எதிர்ப்புச் செல்கள். இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் கட்டுக்கடங்காமல் இருந்தால் அந்தச் செல்கள் மந்தமாகின்றன, காவல் தளர்கிறது, உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. தமிழகத்தில் அது 14.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கிருமி, ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை என்ற இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் கவலை மிகைப்பட்டதல்ல என்பது விளங்கும்.

காசநோய் மையத்தில் இருந்து பார்த்தால் இந்த உண்மை இன்னும் கண்கூடு. தமிழகத்தில் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பரிசோதித்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோயும், இன்னொரு கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலையும் இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் வெளியான கேரள ஆய்வொன்றில் காசநோயாளிகளில் 44 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-லும், நம் மத்திய அரசு 2017-லும், காசநோயாளிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் செய்யவேண்டும் என்று வழிமுறை வகுத்தன. இவற்றில் முதல் பாதி ஓரளவு நன்றாகவே நடக்கிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். காசநோய் என்று பதிவானவருக்குச் சர்க்கரை பார்க்காமல் சிகிச்சை அட்டை முழுமை அடையாது. இரண்டாம் பாதியில்தான் ஓட்டை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவரிடம், "இரண்டு வாரமாக இருமல் உண்டா, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா" என்று கேட்பவர் அரிது.

என் தம்பிக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. வேறு ஊரில், ஒரு தனியார் மருத்துவமனையில் மாதந்தோறும் தவறாமல் காட்டிவந்தவர். ஒரு கோடையில் அவருடைய எடை மளமளவென்று ஒன்பது கிலோ இறங்கியது. சர்க்கரை அளவும் ஏறியிருந்ததால் மாத்திரையைக் கூட்டினார்கள், மறுமாதம் இன்னும் கூட்டினார்கள், பிறகு இன்சுலின் தொடங்கினார்கள். இருமலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் அதைச் சொல்லத் தகுந்த ஒன்றாக நினைக்கவில்லை. தொலைபேசியில் என்னிடம், "சர்க்கரை கூடிப்போச்சுண்ணே, அதான் இளைச்சிட்டேன்" என்றார். முப்பதாண்டு இதே வேலையில் இருந்த நானும் அதை அப்படியே நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்து இன்றும் வருந்துகிறேன். காய்ச்சல் விடாததால் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிழல் தெரிந்தது. காசநோயின் நிழல் பொதுவாக நுரையீரலின் மேற்பகுதியில்தான் விழும் என்பதால், அதை நிமோனியா என்று எண்ணி இரண்டு வாரம் அதற்கான மருந்து கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் காசநோய் கீழ்ப்பகுதியைத் தாக்குவது அதிகம் என்பது பாடநூல்களில் உள்ளதுதான். கடைசியில், கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ட்ரூநாட் கருவியில் சளியைச் சோதித்தபோது, முதல் இருமலில் இருந்து நான்கு மாதம் ஓடியிருந்தது. அந்த நான்கு மாதமும் அவருடைய மடியில்தான் இரண்டு வயதுப் பேத்தி உறங்கினாள்.

நான் அந்த மருத்துவமனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எடை குறைவு, சோர்வு, அடிக்கடி காய்ச்சல் ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான அடையாளங்கள். அதோடு காசநோயே சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகவே, ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குக் காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் நெஞ்சைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மருத்துவரின் மனத்தில் தானாக எழும் அளவுக்கு இந்தத் தொடர்பு பழக்கத்துக்கு வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தாமதத்தின் விலை கடுமையானது. சர்க்கரை உள்ள காசநோயாளிகள் சிகிச்சைக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், குணமான பிறகு நோய் மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பொன்று 2011-இல் காட்டியது. மருந்துகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் விரைவாக வெளியேற்றும்படி செய்துவிடுகிறது. நோயாளி மாத்திரையை விழுங்கினாலும் சர்க்கரை இறங்காது. கூடவே கொடுக்கப்படும் ஐசோநியசிட், சர்க்கரையால் ஏற்கெனவே மரத்துப்போன பாதங்களில் எரிச்சலைக் கூட்டக்கூடும் என்பதால் பி6 வைட்டமின் சேர்த்துத் தரவேண்டியிருக்கிறது. ஒரு மருத்துவர் சர்க்கரைக்கும் இன்னொருவர் காசநோய்க்கும் தனித்தனியே சீட்டு எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் இருந்தால், இடையில் அல்லாடுவது நோயாளிதான்.

சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் மாதாமாதம் எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வீண் செலவு, தேவையற்ற அச்சமும்கூட. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு ஆபத்து அவ்வளவு இல்லை. ஹாங்காங்கில் முதியோர் 42 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி அளவு 7-க்குக் கீழ் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் காசநோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. 7-ஐத் தாண்டியவர்களிடம்தான் கூடியிருந்தது. எனவே யாரிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பது தெரிந்த விஷயமே: அளவு கட்டுக்கடங்காதவர்கள், எடை குறைந்தவர்கள், புகைப்பவர்கள், முன்பு ஒருமுறை காசநோய் வந்தவர்கள், வீட்டில் காசநோயாளி உள்ளவர்கள். ஒரு லட்சம் பேரில் 100 பேருக்கு மேல் காசநோய் உள்ள இடங்களில், ஆபத்துக் காரணிகளோடு சிகிச்சைக்கு வருபவர்களிடம் காசநோயைத் தேடிப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. நம் நாட்டுக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை, 15 வயதைக் கடந்தவர்களில் லட்சத்துக்கு 316.

கேள்வி கேட்பது மட்டும் போதாது என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. கண்டறியப்பட்ட காசநோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் அகப்பட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களிடம் கேட்டறியக்கூடிய அறிகுறி ஏதும் இல்லை. நான் பணியில் சேர்ந்த காலத்தில், இருமிக்கொண்டு வருபவரிடம் சளி வாங்கி, நீலப் பின்னணியில் செந்நிறக் கோல்களைத் தேடுவதே எங்கள் தொழில். இருமாதவர் எங்கள் கண்ணாடிச் சில்லுக்கு வரவே மாட்டார். இன்று தோளில் மாட்டிச் செல்லும் எக்ஸ்ரே கருவி வந்துவிட்டது. அந்தப் படத்தைக் கணினியே படித்துச் சந்தேகத்துக்குரியதைப் பிரித்துக் காட்டுவதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. 2024 டிசம்பர் 7-இல் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் சர்க்கரை நோயாளிகளையும் தேடிப் பரிசோதிக்கவேண்டிய பிரிவினராகச் சேர்த்திருந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் நூறு நாளுக்கான இயக்கமாக அல்லாமல் அன்றாட வழக்கமாக இது மாறவேண்டும்.

தமிழகத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நோயாளியின் வீடு, குடும்பம், சாப்பாடு, உடல் இளைப்பு எல்லாம் மருத்துவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொள்வதும், ஒன்றுக்கேனும் ஆம் என்றால் சளிக் குப்பியைக் கொடுத்துவிட்டு வருவதும், அளவு கட்டுக்கடங்காதவர்களை ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேக்கு அனுப்புவதும் அவர்களுடைய பணியின் நிலையான பகுதி ஆகவேண்டும். அதற்குரிய ஊதியத்தையும் கூட்டிக் கொடுக்கவேண்டும். இருக்கும் சுமையின் மேல் இன்னொரு நோட்டை வைத்துவிட்டுப் போவது நியாயமாகாது. வீட்டில் இருந்தபடியே காசநோய்ச் சிகிச்சை பெறலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வின் மூலம் 1959-இல் உலகுக்கு நிரூபித்த மாநிலம் இது. அதனால் இதைக் கேட்பது பேராசை என்று நான் எண்ணவில்லை.

அரசின் கைக்கு எட்டாதவர்கள் என் தம்பியைப் போன்றவர்கள்தான். தனியார் மருத்துவமனைகளில் சர்க்கரைக்குக் காட்டுவோர் ஏராளம். காசநோயைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் 2012 முதல் அவர்களுக்கும் உண்டு. ஆனால் தேடிப் பார்க்கவேண்டும் என்ற பழக்கம் வரவில்லை. எடை பார்த்து, இரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும் செவிலியர், அதே நோட்டில் இருமல் என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாக வரைந்துகொள்ள எந்த அரசாணையும் தேவையில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சர்க்கரை இருப்பதைக் கல்யாணப் பந்தியில்கூட வாய்விட்டுச் சொல்கிறோம்; காசநோய் என்றால் வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்துகிறோம். என் தம்பிக்கு நோய் உறுதியானபோது அவர் முதலில் கேட்டது, "பொண்ணு வீட்டுக்குத் தெரியாம பாத்துக்கலாமா?" என்பதுதான். தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பேத்திக்குத் தடுப்பு மாத்திரை கிடைத்திருக்காது. அன்று மாலையே மகளைக் கூப்பிட்டுச் சொன்னோம். குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தபின் ஆறு மாதம் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். தம்பியும் சிகிச்சையை முடித்து, இழந்த எடையில் ஏழு கிலோவைத் திரும்பப் பெற்றுவிட்டார். இரண்டு நோய்க்கும் மருந்தும் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் அவருக்கு இலவசமாகவே கிடைத்தன.

அடுத்த சர்க்கரை நோய் தினச் சிறப்புப் பக்கத்தில் கண்ணுக்கும் காலுக்கும் பக்கத்தில் நுரையீரலுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மார்ச் 24, உலகக் காசநோய் தினத்துக்கு அதற்கு முன்பே வாய்ப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திண்டுக்கல் மாவட்டம்.