நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி ஓனர்களுக்கு: இரண்டாவது ஆளைத் திரும்ப ஏற்றுங்கள்

வணக்கம்ங்க.

டிரைவர் கிடைப்பதில்லை என்று நீங்கள் சொல்வதை புக்கிங் ஆபீஸ், பட்டறை, டயர் கடை என்று எங்கே போனாலும் கேட்கிறேன். வண்டிக்குத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, லோடு இருக்கிறது, ஓட்ட ஆளில்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கிறது. பொய் இல்லை, நானும் பார்க்கிறேன். ஆனால் டிரைவர் ஆகணும் என்று வந்து நிற்கிற எங்களை மாதிரிப் பையன்களுக்கு இதே விஷயம் எப்படி இருக்கிறது என்று உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொன்ன மாதிரித் தெரியவில்லை. டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்கிற இரண்டாவது ஆளைத் திரும்ப ஏற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். லாரி ஓட்டுவதற்கான ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பத்து சக்கர வண்டியில் ஒரு சீனியர் டிரைவர் அண்ணனோடு லைன், அதாவது நெடுந்தூர ஓட்டம், போய்க்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங் எப்போதாவதுதான் கைக்கு வரும்.

லைசென்ஸ் வாங்க முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், 20 வயது முடிந்திருக்க வேண்டும், அப்புறம் டிரைவிங் ஸ்கூல். விதிப்படி கனரக வண்டிப் பயிற்சி 30 நாள், அதில் ஓட்டுகிற நேரம் குறைந்தது 15 மணி நேரம். அதெல்லாம் எனக்கு ஒரு பழைய காலி லாரியில், ஊருக்கு வெளியே வண்டியே வராத ரோட்டில் நடந்தது. லோடு ஏற்றின வண்டி பிரேக் மிதித்த பிறகு எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று அந்த 15 மணி நேரத்தில் எனக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் சட்டத்தின் கணக்கில் நான் இப்போது முழு டிரைவர். நாளைக்கே நீங்கள் சாவியைக் கொடுத்து நாக்பூருக்குத் தனியாக அனுப்பலாம், தடுக்க யாரும் இல்லை.

உண்மையில் வண்டி ஓட்டுவது என்றால் என்ன என்று நான் முதலில் பார்த்தது தொப்பூர் இறக்கத்தில். தருமபுரியிலிருந்து சேலம் வரும் அந்தக் கணவாய் உங்களில் யாருக்கும் புதிதில்லை, அங்கே வண்டி போகாத ஓனரே இருக்க மாட்டீர்கள். அண்ணன் இறக்கம் தொடங்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கினார், எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டார், கால் பிரேக்கைத் தொட்டதே கொஞ்சம்தான். இதே மலையை ஏறினால் எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கணும் தம்பி, என்றார். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்தால் சக்கரத்து பிரேக் டிரம் சூடாகிப் பிடிமானம் போய்விடும், அதோடு பிரேக்கை இயக்குகிற ஏர் இறங்கிக்கொண்டே வரும், மீட்டர் முள் சிவப்புக்கு வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அந்த இறக்கம் முடிகிறவரை சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டி நியூட்ரலில் சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. அதை ஓட்டினவர் முட்டாள் இல்லை. அவருக்கு ஒரு டீசல் கணக்கு இருக்கிறது, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இதை உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நாங்கள் நியூட்ரலில் இறங்கக் கற்றுக்கொள்வது உங்கள் மைலேஜ் கணக்கிலிருந்துதானே? இத்தனைக்கும் அது பழைய வண்டிக் கணக்கு. இப்போது வருகிற பி.எஸ். 6 (புதிய புகை விதிக்கு ஏற்ற) எஞ்சினில், காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கினால் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கிறது. மும்பை லைனில் புனேவுக்குப் பக்கத்தில் நவலே பாலத்து இறக்கம் இருக்கிறதே, 2022 நவம்பரில் அங்கே ஒரு லாரி வரிசையாகப் பல வண்டிகளை இடித்துத் தள்ளியது. டிரைவர் இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிட்டு வந்ததாகச் செய்தி வந்தது. மிச்சமாகிற டீசலுக்கும் அந்த இரும்புக் குவியலுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தையெல்லாம் முன்பு ஒருவனுக்கு எப்படி வந்தது? கிளீனராக, அதாவது டிரைவரின் உதவியாளாக ஏறுவான். காலையில் ஏர் டேங்கில் தேங்கின தண்ணீரைத் திறந்துவிடுவது, ராடால் டயரைத் தட்டி சத்தத்தை வைத்தே காற்று இறங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பது, மழை வருவதற்குள் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுப்பது, குடோனில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பாடியைத் தட்டி வரட்டும் வரட்டும் என்று சொல்வது, இடது பக்கம் டிரைவருக்குத் தெரியாத இடத்தில் பைக்காரன் நுழைந்தால் கத்துவது. இப்படியே வருஷக்கணக்கில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோடு பார்த்தவன், ஸ்டியரிங் பிடிக்கும்போது பாதி டிரைவராக இருப்பான். நிறைய அடியும் திட்டும் வாங்கித்தான் கற்றார்கள், சின்னப் பையன்களை ஏற்றினார்கள், அந்தப் பழைய வழி நல்ல வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள ஒரு சீட் இருந்தது.

அந்த சீட்டைத்தான் நாம் காலி செய்துவிட்டோம். 2018 ஜூலையில் பத்து சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். அதே வருஷம் நவம்பரில் நாடு முழுக்க ஓட அனுமதி உள்ள நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். எடை கூடியது, ஆள் குறைந்தது, இரண்டும் ஒரே வருஷத்தில். அதற்கு முன்னாலும் எத்தனை வண்டியில் இரண்டாவது டிரைவர் பேப்பரில் மட்டும் இருந்தார் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது பேப்பரிலும் இல்லை. கிளீனரும் இல்லை. டிரைவர் ஒருவரே ஓட்டி, அவரே தார்ப்பாய் கட்டி, அவரே டயர் மாற்றி, கம்பெனி கேட்டுக்கு வெளியே அவரே ராத்திரி முழுக்க டீசல் திருட்டுக்குக் காவல் இருந்து, விடிந்ததும் திரும்ப ஓட்டுகிறார். 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூர வண்டி என்றால் அனுமதியோடு 10 மணி நேரம் என்று எழுதியது, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றும் எழுதியது. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்துக்கு என்றுதான் அந்தச் சட்டமே வந்தது, உங்களில் பாதிப் பேர் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. உங்களில் பலர் டிரைவராக இருந்து, வண்டி வாங்கி ஓனர் ஆனவர்கள். டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், தவணை எல்லாம் போகக் கையில் என்ன நிற்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும், ரிட்டன் லோடு கிடைக்காமல் காத்துக் கிடந்த இடங்களில் நானும் கூடவே கிடந்திருக்கிறேன். இரண்டாவது ஆளுக்குப் படி கொடுக்க எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, ஆனால் இப்போது அந்தப் படியை யார் கொடுக்கிறார் தெரியுமா? என்னோடு வருகிற அந்த சீனியர் அண்ணன் கொடுக்கிறார். அவருடைய படியில் எனக்குச் சாப்பாடு போகிறது. முன்பு நான் ஏறியிருந்த ஒரு வண்டியில், கற்றுக்கொள்கிற பையனுக்கு எதற்குச் சம்பளம் என்று நேராகவே சொன்னார்கள். வீட்டில் கல்யாணமாகாத தங்கை இருக்கிற ஒருவன் இப்படி எத்தனை மாதம் ஓட முடியும்? என்னோடு லைசென்ஸ் எடுத்த பையன்கள் ஊரிலேயே ஆட்டோ, டெலிவரி என்று போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. என் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. குவாஹாட்டி ரோட்டில் எனக்கு ஏதாவது ஆனால், நான் அந்த வண்டியில் வேலை பார்த்தவன்தான் என்று நிரூபிக்கவே என் அம்மா அலைய வேண்டும். வண்டியில் வேலைக்குப் போகிறவனுக்கு இழப்பீடு கேட்க சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் வேலைக்காரன் என்று எழுதின ஒரு காகிதம் வேண்டும். அதற்கு உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கேஸ் டேங்கர் ஓட்ட வேண்டுமானால் ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது, ஆபத்தான சரக்குக்கு 3 நாள் வகுப்பு முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். டேங்கருக்கு அது தேவை என்று ஒத்துக்கொள்கிற நாம், கம்பியும் சிமென்டும் ஏற்றுகிற வண்டிக்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. லாரிக்கு பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பெயர் வாங்கின ஊர் நம்முடையது. சங்கங்கள் சேர்ந்தால் ஒரு மைதானம், நல்ல பிரேக் உள்ள ஒரு பழைய வண்டி, மேலே மணல் மூட்டை லோடு, சொல்லிக்கொடுக்க லைனை விட்டு வந்த ஒரு வயசான டிரைவர், இவ்வளவையும் ஏற்பாடு செய்ய முடியாதா? அங்கே காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் வித்தியாசத்தைக் காட்டிய பிறகு லைனுக்கு அனுப்புங்கள். லைனில் முதல் சில மாதம் பகலில் மட்டும், சமவெளி ரோட்டில் மட்டும் ஸ்டியரிங் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரியும் மலையும் பிறகு வரட்டும். கற்றுக்கொடுக்கிற சீனியருக்கு அந்த டிரிப்புக்குக் கூடுதலாக ஏதாவது கொடுங்கள், இப்போது அவருக்கு நான் வெறும் பாரம்தான், அவர் நல்ல மனுஷர் என்பதால் சுமக்கிறார்.

2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம், மே மாதம் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தக் கேபினில் இரண்டாவது சீட்டையும் யாராவது நிரப்ப வேண்டும்.

உங்கள் டிரிப் ஷீட்டில் டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், செக்போஸ்ட் மாமூல் வரைக்கும் வரி இருக்கிறது. அடுத்த கட்டு அச்சடிக்கும்போது டிரைவர் படிக்குக் கீழே உதவியாளர் பெயர், உதவியாளர் படி என்று இரண்டு வரி சேர்த்து அச்சடியுங்கள். தொகை எவ்வளவு என்பதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், சங்கத்தில் கூப்பிட்டால் என்னோடு இன்னும் சில பையன்களும் வருவார்கள், சீனியர் அண்ணன்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.