ஒருநாள் பேக்கேஜ் போடுற ட்ராவல்ஸ் அண்ணன்மாருக்கு, குலசேகரத்துல இருந்து

அண்ணன்மாரே, வணக்கம்.

மதுரை, விருதுநகர், திண்டுக்கல், ஈரோடுன்னு எங்கெங்கயோ இருந்து வேன், டெம்போ ட்ராவலர், பெரிய பஸ்னு ஆள் கூட்டிட்டு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். சண்டை போட இல்ல. நீங்க வர்றதுனாலதான் திற்பரப்பு அருவிகிட்ட சிப்ஸ் கடை, துண்டு கடை, சாயாக்கடை எல்லாம் ஓடுது, அது எனக்கும் தெரியும். ஆனா உங்க வாட்ஸ்அப்புல சுத்துற அந்த ப்ரோக்ராம் லிஸ்ட்டு இருக்கே, அதைக் கொஞ்சம் மாத்துங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

காலைல நாலு மணிக்கு எல்லாரையும் தட்டி எழுப்பி சூரிய உதயம் (பாதி நாள் மேகத்தைத்தான் பாக்குறாங்க, அது வேற விஷயம்), அப்புறம் அம்மன் கோயில், போட்டுக்கு க்யூ, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்போ கண்ணாடிப் பாலமும் சேந்தாச்சு, அங்க இருந்து சுசீந்திரம், அப்புறம் பத்மநாபபுரம் அரண்மனை, அது திங்கக்கிழமை லீவுன்னு வந்தப்புறம்தான் பலபேருக்குத் தெரியுது, கடைசில திற்பரப்பு "குளியல் முக்கால் மணி நேரம்", டைம் இருந்தா மாத்தூர் தொட்டிப்பாலம், நைட்டு ரிட்டர்ன். எழுதிப் பாக்கும்போதே எனக்கு கால் வலிக்குது. கன்னியாகுமரில இருந்து திற்பரப்பு அம்பது கிலோமீட்டருக்கு மேல கெடக்கு, தக்கலை தாண்டிட்டா ரோடு முழுக்க வளைவு, எதுக்க டாரஸ் லாரி வேற. மூணு மணிக்கு வந்துருவோம்னு லிஸ்ட்ல போட்டுட்டு அஞ்சுக்கு வந்து நிப்பீங்க.

போன மழைக்கு முன்னாடி நான் கண்ணால பாத்தது ஒண்ணு சொல்றேன். அருவிக்கு இறங்குற படிக்கட்டுல ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், சேலை ஓரம் மட்டும் நனைஞ்சிருக்கு, தலையில இன்னும் ஒரு சொட்டு தண்ணி விழல. பேத்தி பாட்டி கையப் பிடிச்சு மெதுவா இறக்கிட்டு இருக்கா, மேல வேன் ஹாரன் விடாம அடிக்குது. "போதும்மா, பாத்தாச்சுல்ல, வா"ன்னு அந்தப் பாட்டியே திரும்பிட்டாங்க. எந்த ஊர்ல இருந்து வந்தாங்களோ, ராத்திரி பூரா உக்காந்து வந்திருப்பாங்க. அந்த டிரைவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு விடியறதுக்குள்ள வண்டி ஊர் போய் சேரணும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. கடலுக்கு ஒருநாள் வைங்க, ஆத்துக்கு தனியா ஒருநாள் வைங்க. ஆள் கம்மியா வந்தாலும் பரவால்லன்னு ரெண்டாவது நாளை தனி ட்ரிப்பாவே போடுங்க. பேச்சிப்பாறை அணை, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், இந்த மூணும் தாராளமா ஒரு நாளைக்கு வரும். மேல அணையைப் பாத்துட்டு அப்படியே கீழ இறங்கி வரணும், நீங்க தலைகீழா கொண்டு போறதுனாலதான் யாருக்கும் ஒண்ணும் புரியாம போகுது.

காலைல முதல்ல பேச்சிப்பாறைக்கு வாங்க. 1897ல ஆரம்பிச்சு 1906ல முடிச்ச அணை அது, மூலம் திருநாள் மகாராஜா காலம், அப்போ நாங்க திருவிதாங்கூர். கட்டின இன்ஜினியர் மிஞ்சின், வெள்ளைக்காரர், எங்க பெரியவங்க மூக்கன் துரைன்னுதான் சொல்லுவாங்க. 1913ல இறந்தவரை அந்த அணை பக்கத்துலயே அடக்கம் பண்ணிருக்கு. எத்தனை பஸ் அந்த வழியா வந்தாலும் அந்தக் கல்லறைகிட்ட பத்து பேர் நின்னு நான் பாத்ததில்ல. முழு நீர்மட்டம் 48 அடி. எங்க ஊர்ல மழைக்காலத்துல சாயாக்கடைல முதல் பேச்சே "இன்னைக்கு எத்தனை அடி?"ங்கிறதுதான், கிரிக்கெட் ஸ்கோர் கேக்குற மாதிரி கேப்பாங்க. ஏன்னா ஜூன்ல கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல் சாகுபடிக்கு தண்ணி திறக்குறது, அப்புறம் ரெண்டாம் போகம் கும்பப்பூ, எல்லாம் அந்த நம்பரை நம்பித்தான்.

அந்த நம்பருக்கும் உங்க குளியலுக்கும் சம்பந்தம் இருக்கு, அதான் சொல்ல வந்தேன். அணை நிறைஞ்சு உபரித் தண்ணி திறந்தா கோதையாறு வழியா நேரா திற்பரப்புக்குத்தான் வரும். அருவில அப்போ செம்மண் கலர்ல தண்ணி பாய்ஞ்சு வரும், கல்மண்டபம் பக்கமே போக முடியாது, குளிக்கத் தடை போட்ருவாங்க. உடனே "நாங்க ஈரோட்டுல இருந்து வர்றோம், அஞ்சு நிமிஷம் விடுங்க"ன்னு காவலுக்கு நிக்கிறவங்ககிட்ட மல்லுக்கட்டுறது. உங்க ஊர்ல வெயில் அடிச்சிருக்கலாம், இங்க மலையில என்ன பெய்ஞ்சுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். 2021 நவம்பர்ல வந்த வெள்ளத்தை பாத்தவங்க யாரும் அந்தத் தண்ணிகிட்ட விளையாட மாட்டாங்க. கிளம்புறதுக்கு முந்தின நாள் பேப்பர்ல அணை மட்டத்தை ஒருதடவை பாத்துட்டு கிளம்புங்க, அவ்ளோதான். ஏப்ரல் மே மாசம் வந்துட்டு அருவில தண்ணி கம்மின்னு திட்டவும் வேண்டாம்.

திற்பரப்புல குளிச்சிட்டு ஈரத்தோட வண்டி ஏறிடாதீங்க, பக்கத்துலயே மகாதேவர் கோயில் இருக்கு. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுற பன்னிரண்டு கோயில்ல இது மூணாவது. காவி கட்டி கையில விசிறியோட "கோவிந்தா கோபாலா"ன்னு கத்திக்கிட்டு சிவன் கோயிலுக்கு ஓடுறதை வேற எங்கயும் நான் கேள்விப்பட்டதில்ல. அந்த ரெண்டு நாள் மட்டும் தயவுசெஞ்சு பெரிய பஸ் கொண்டு வராதீங்க, ரோடு ஓடுறவங்களுக்கு.

சாப்பாடு விஷயம். ஆத்தங்கரைல கேஸ் அடுப்பு வச்சு லெமன் சாதம் கிளறி, பாக்குமட்டைத் தட்டை அங்கயே வீசிட்டுப் போறீங்களே, குலசேகரத்துல மரச்சீனிக்கிழங்கும் (உங்க ஊர் மரவள்ளிதான்) மீன்கறியும் சுடச்சுட கிடைக்கும், உங்க ஆளுங்களுக்கு அதை வாங்கிக் குடுங்க. மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கோங்க, சின்னதா இருக்குன்னு பேரம் பேசாதீங்க. ஷாம்பு சாஷே, பாட்டில் பத்தி தனியா எழுதணும், இங்க எழுதினா எனக்கு பிரஷர் ஏறும்.

காளிகேசம், கீரிப்பாறை, மேல்கோதையாறுன்னு யூட்யூப் பாத்துட்டு "அதையும் சேத்துக்கலாமா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. அது சரணாலயக் காடு அண்ணே, 402 சதுர கிலோமீட்டர், ஆனை இருக்கு, புலி இருக்கு, காணிக்கார பழங்குடி மக்கள் குடியிருக்காங்க. 2023ல அரிக்கொம்பன் ஆனையைக் கொண்டாந்து விட்டதும் அந்த மேல்கோதையாறு பக்கம்தான். அனுமதி இருக்கான்னு வனத்துறைகிட்ட முன்னாடியே கேட்டுட்டு சின்ன வண்டில வாங்க, நாப்பது பேரையும் ஸ்பீக்கரையும் ஏத்திட்டு வர்ற இடம் இல்ல. மழை நேரத்துல காளிகேசம் ஆத்துல இறங்கவே வேண்டாம், மேல பெய்ஞ்சா கீழ தெரியுறதுக்குள்ள தண்ணி வந்துரும்.

சாயங்காலம் மாத்தூர். காமராஜர் முயற்சில வந்த பாலம், 1966ல முடிஞ்சுது, 28 தூண், 115 அடி உயரம். ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்கு பட்டணங்கால் வாய்க்கால் தண்ணி அந்த தொட்டி வழியா நடந்து போகுது, கீழ பரளியாறு தனியா ஓடுது. உங்க ஆளுங்க பாதி தூரம் போய் செல்ஃபி எடுத்துட்டு திரும்பிடுறாங்க. மறு கரை வரைக்கும் நடக்க விடுங்க, எதுக்க ஒருத்தர் வந்தா ஒதுங்கி வழி விடணும், பக்கத்துலயே தொட்டில தண்ணி சத்தமில்லாம வேகமா போகும், குனிஞ்சு பாத்தா பாசி பிடிச்ச சிமென்ட் சுவரு தெரியும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வயலுக்கெல்லாம் போற தண்ணி அது. முட்டி வலி இருக்கவங்களை கீழ இறங்குற படிக்கட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, இறங்குறது ஈசி, ஏறும்போது அழுவாங்க.

ஆறு மணிக்கு அங்க இருந்து வண்டி எடுத்தா மார்த்தாண்டம் நெரிசல்ல மாட்டாம தக்கலை வழியா நாகர்கோவில் போயிரலாம், ராத்திரி சாப்பாடு அங்கயே. அடுத்த சீசன் லிஸ்ட்டு போடும்போது இதை யோசிங்க. ரூட்டுல ஏதும் டவுட்டு இருந்தா குலசேகரம் ஜங்ஷன்ல எந்த ஆட்டோ ஸ்டாண்டுல வேணாலும் கேளுங்க, எங்க ஆளுங்க சொல்லிக் குடுப்பாங்க.

இப்படிக்கு,
குலசேகரத்துக்காரன் ஒருத்தன்