எஃப்.ஐ.ஆர். எழுதும் முன்: குழந்தை நல காவல் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களே,

வணக்கம். இரவு ரோந்தில் திருடிய பைக்கோடு பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து வருகிறார்கள். விற்கத் தெரியாதவன், பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு எங்காவது போட்டுவிட்டுப் போகிற ரகம். பல ஸ்டேஷன்களில் அடுத்து நடப்பது இரண்டில் ஒன்று. ரெண்டு தட்டு தட்டி, அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர்., காலையில் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், அங்கிருந்து விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம்.

முதல் வழியைக் கருணை என்று நம்புகிறவர்கள் உண்டு. கை வைப்பது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவன் வந்துபோனதற்கு ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சுவதில்லை. இப்படிப்பட்ட சிறுவர்களின் பின்னணியை விசாரித்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர் காதுக்குச் சேதி போவதில்லை. அடுத்த முறை பக்கத்து ஸ்டேஷனில் மாட்டினால் அங்கேயும் அவன் புதுப் பையன்தான்.

2015 சிறார் நீதிச் சட்டம் மூன்றாவது வழி ஒன்றை உங்களுக்கே கொடுத்திருக்கிறது. நீதிமன்ற நடைமுறைக்கு வெளியே தீர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்பதை அதன் 3ஆம் பிரிவு அடிப்படைக் கொள்கையாகவே சொல்கிறது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வந்த 2016 மாதிரி விதிகளில் 8ஆம் விதியைப் பாருங்கள். கொடுங்குற்றமோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டாம். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பையன் பெற்றோரோடு வீட்டுக்குப் போகலாம். விசாரணை நாளில் வருவான். குழுமம் புத்தி சொல்லி விடலாம், சமூகப் பணி கொடுக்கலாம், 3 ஆண்டுவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம்.

அந்த அறிக்கைதான் படிவம் 1. பள்ளியை ஏன் விட்டான், வீட்டில் அடி உண்டா, பெரியவர்கள் யாராவது அவனைப் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்துகிறார்களா என்றெல்லாம் அதில் கேள்வி இருக்கிறது. பெயரும் முகவரியும் மட்டும் நிரப்பி, மீதிக்குக் கோடு போட்டு அனுப்பினால் நன்னடத்தை அலுவலர் வெறுங்கையோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

உங்கள் சங்கடமும் தெரியாததல்ல. வண்டிக்காரர் இன்ஷூரன்சுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கேட்பார். வண்டி காணோம் என்று புகார் வந்த அன்றே வழக்குப் பதிவாகியும் இருக்கும். அதைக் கிழித்துப்போட யாரும் சொல்லவில்லை. அதற்காகப் பையனைக் கைப்பற்றி இல்லத்துக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் 'எத்தனை பேரைப் பிடித்தாய்' என்று கேட்கிற மேலதிகாரிகளும் இந்த மடலைப் படித்தால் நல்லது.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். பிறகு, இல்லங்களைச் சீர்திருத்த வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர்க் குழுவை அரசு அமைத்தது. அந்தச் சிறுவன் மீதிருந்த புகார் பேட்டரி திருட்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படிவம் 1 நகல்கள் ரைட்டர் மேசையில் எப்போதும் இருக்கட்டும். மாவட்ட நன்னடத்தை அலுவலரின் எண்ணை அந்த மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே வையுங்கள். பையன் வந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்கு ஒரு போன், அந்த எண்ணுக்கு ஒரு போன். இரவு ஒரு மணி என்றாலும் பரவாயில்லை, எழுப்புங்கள்.

இப்படிக்கு,
குழுமத்து வாசலில் பெற்றோர்களோடு காத்திருக்கும் சமூகப் பணியாளர் ஒருவர்