பழைய மெஷினை முதலில் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொண்டு அழுவதால்தான் மென்பொருள்கள் முன்னேறுவதில்லை என்கிற தொனியில் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

சோர்ஸ் கோடை ஓடுகிற புரோகிராமாக ஆக்கித் தருவது பில்டு சிஸ்டம். பல திட்டங்களில் அந்த வேலையை வெகுகாலமாகப் பார்த்துவருவது ஆட்டோகான்ஃபும் மேக்கும். ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டைத் தட்டினால், மெஷினில் இந்த ஹெட்டர் இருக்கிறதா, அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று வரிவரியாகக் கேட்டுக்கொண்டே போகும், பழைய மெஷினில் அது முடிவதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம். ஆனாலும் கட்டளைகளை ஓட்டும் ஷெல், மேக், கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஒரு சி கம்பைலர் இருந்தால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

அதை மாற்றவே கூடாதென்று சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருள் 2023-இல் தன் 16-ஆம் பதிப்பில் மீசான் என்கிற புதிய பில்டு சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. மீசானுக்கு பைத்தான் மொழியும், மேக் மாதிரியான நிஞ்ஜா என்கிற கருவியும் வேண்டும். கைக்குக் கிடைத்த புத்தம்புதிய மீசானைக் கட்டாயமாக்காமல், பைத்தான் 3.5 மட்டும் உள்ள மெஷின்களிலும் ஓட வேண்டும், ரெட் ஹேட் 7 என்கிற பழைய லினக்ஸுக்கு மீசான் 0.55 தான் கிடைக்கிறது என்றெல்லாம் பார்த்து மீசான் 0.54 இருந்தாலே போதும் என்று வைத்தார்கள். ஆட்டோகான்ஃபையும் எடுக்கவில்லை. விண்டோஸுக்கென்று தனியாக இருந்த ஸ்கிரிப்டுகளை மட்டும் 17-இல் கழற்றிவிட்டார்கள். ஆட்டோகான்ஃப், மீசான் இரண்டையும் வைத்திருப்பது தலைவலிதான், புதிதாக ஒரு ஃபைல் சேர்த்தால் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ஆனால் அந்தத் தலைவலியைத் திட்டம் ஏற்றுக்கொண்டது, பயனர் தலையில் கட்டவில்லை.

2021 பிப்ரவரியில் பைத்தானுக்கான கிரிப்டோகிராஃபி என்கிற குறியாக்க லைப்ரரியின் 3.4 பதிப்பு வந்தபோது நடந்தது வேறு. வழக்கம்போல நிறுவப் போனவர்களிடம் ரஸ்ட் கம்பைலர் எங்கே என்று கேட்டு நின்றுவிட்டது. மெமரிப் பிழைகளைத் தவிர்க்க ரஸ்ட் என்கிற புரோகிராமிங் மொழிக்குப் போனது நியாயம்தான். பைத்தான் லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப் என்கிற கருவியைப் பழையதாக வைத்திருந்த பலருக்கு அதைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது. ஆல்ஃபா, எச்பியின் பிஏ-ரிஸ்க் மாதிரியான பழைய பிராசஸர் உள்ள மெஷின்களுக்கோ ரஸ்டே கிடையாது, அவற்றை வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ரஸ்ட் இல்லாமல் கம்பைல் செய்ய 3.4-இல் ஒரு வழி விட்டிருந்தார்கள், அடுத்த பதிப்பில் அதுவும் போனது.

மாற்றுகிறவர்கள் தாராளமாக மாற்றட்டும் சார். எந்த பைத்தான், எந்த கம்பைலர் வேண்டும் என்பதை ஒரு பதிப்புக்கு முன்பே ரிலீஸ் நோட்டில் சொல்லிவிட்டு, பழைய வழியையும் கொஞ்ச காலம் திறந்து வைத்தால் பாதிச் சண்டை வராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை