மார்க்கம் ஒன்று, மொழி வேறு: டாக்காவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன். அம்மா தன் பங்கைப் போனிலேயே சொல்லிவிட்டாள். இந்தக் கடிதம் முழுக்க என்னுடையது.

பிப்ரவரி 21 அன்று அலுவலகத் தோழிகளோடு, மொழிக்காக உயிர்விட்டவர்களின் நினைவிடமான ஷஹீத் மினாருக்கு வெறுங்காலுடன் நடந்து போனதாக எழுதியிருந்தாய். ஒருத்தி "நாங்கள் முதலில் வங்காளிகள்" என்றாளாம். இன்னொருத்தி "முதலில் முஸ்லிம்கள்" என்றாளாம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். முஸ்லிம்களுக்கென்று கேட்டு வாங்கிய பாகிஸ்தான் 24 ஆண்டுகளில் இரண்டாகிவிட்டதே, அப்படியானால் மார்க்கத்துக்கு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் வலு இல்லையா என்றும் கேட்டிருக்கிறாய். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். இந்தக் கேள்வியை ஒரு வரியில் முடித்து அனுப்ப மனம் வரவில்லை.

1948 பிப்ரவரி 25 அன்று கராச்சியில், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். கிழக்கு வங்கத்தின் கொமில்லாவைச் சேர்ந்த தீரேந்திரநாத் தத்தா என்ற காங்கிரஸ் உறுப்பினர் எழுந்தார். சபையில் ஆங்கிலமும் உருதும் பேசலாம் என்று விதி இருந்தது. அவற்றோடு வங்க மொழியையும் சேருங்கள் என்றார், அவ்வளவுதான். புதிய நாட்டின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி அது. உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் பிரதமர் லியாகத் அலி கான், பாகிஸ்தான் ஒரு முஸ்லிம் நாடு, முஸ்லிம்களின் மொழியான உருதுதான் அதற்குப் பொதுமொழியாக முடியும் என்று சொல்லித் தீர்மானத்தை எதிர்த்தார். தபால் அட்டையும் பணத்தாளும் தனக்குப் புரியும் மொழியில் வேண்டும் என்று ஒரு குடிமகன் கேட்டால், அவனுடைய ஈமானையே சந்தேகிக்கும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்த மாதம் ஜின்னா டாக்காவுக்கு வந்தார். 1947 ஆகஸ்ட் 11 அன்று, நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் அதற்கும் அரசின் வேலைக்கும் தொடர்பில்லை என்று பேசியவர் அவர். எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1948 மார்ச் 21 அன்று ரம்னா குதிரைப் பந்தய மைதானத்தில், உருது மட்டுமே ஆட்சிமொழி, வேறு விதமாகச் சொல்பவன் நாட்டின் எதிரி என்றார். அதைச் சொன்னது ஆங்கிலத்தில். அவரை நான் வெறுக்கவில்லை. புதிதாகப் பிறந்த நாடு, இரண்டு பகுதிகள், நடுவே ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் இந்திய மண். சிதறிவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் பயத்தில் எடுத்த முடிவின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

1952 பிப்ரவரி 21 அன்று டாக்கா மருத்துவக் கல்லூரி அருகே போலீஸ் சுட்டதில் விழுந்தவர்களின் பெயர்களை மினாரில் நீ கேட்டிருப்பாய்: அபுல் பர்கத், ரஃபீகுத்தீன், அப்துல் ஜப்பார், அப்துஸ் சலாம். எல்லோரும் முஸ்லிம்கள். பர்கத் பிறந்தது இந்தியாவில், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில். பிரிவினைக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானுக்கு வந்து படித்த மாணவர். தேடி வந்த நாட்டின் போலீஸ் சுட்ட குண்டுதான் அவர் மீது பாய்ந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தடுமாறும்.

மொழிக் கோரிக்கையைக்கூட விடு. 1954 மாகாணத் தேர்தலைப் பார். முஸ்லிம் லீக் 1906-ல் பிறந்ததே டாக்காவில்தான். அந்த மண்ணிலேயே 237 முஸ்லிம் தொகுதிகளில் பத்தைக்கூட அது தாண்டவில்லை; வங்காளிக் கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய முன்னணி அள்ளிக்கொண்டது. அந்தக் கூட்டணியின் மாகாண அரசை மத்திய அரசு இரண்டு மாதத்துக்குள் கலைத்தது. வங்காளிகளின் மனம் முறிந்ததற்கு மொழியைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. உன் மொழிக்கு மரியாதை இல்லை என்றால் ஒருவன் போராடுவான். உன் வாக்குக்கே மதிப்பில்லை என்றால், எங்களுக்கு இந்த நாடு எதற்கு என்று கேட்பான். 1956-ல் வங்க மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி கொடுத்தார்கள், ஆனால் காயம் ஆறவில்லை. வங்காளிகளின் கட்சி வென்ற 1970 தேர்தல் முடிவையும் மதிக்கவில்லை. அதன்பின் 1971-ல் போர் நடந்து பங்களாதேஷ் தனி நாடானது உனக்குத் தெரியும். தத்தாவுக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. 1971 மார்ச் கடைசியில் ராணுவம் அவரை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்க் கொன்றது.

ஆகவே மார்க்கத்தின் மீது பழி போடாதே, கண்ணு. சோறு, சம்பளம், பள்ளிக்கூடம், வாக்கு என்று எதைக் கேட்டாலும் மார்க்கத்தைக் காட்டி வாயை அடைத்தவர்கள் மீது போடு. உன் நன்னிமா அரபியில் ஓதுவார். ஓதி முடித்ததும் மனக்குறையையெல்லாம் தமிழில்தான் அல்லாஹ்விடம் சொல்லி அழுவார். எது முதல், எது இரண்டாவது என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நம் காயிதே மில்லத் டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, பழமைதான் தகுதி என்றால் தமிழைத்தான் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைவராக இருந்துகொண்டே அதைச் சொன்னார். உன் தோழிகள் இருவரும் சொன்னது அவரவர் மனதுக்குச் சரி. அரசு அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலுக்கு ஏற்ப உரிமையை அளந்து கொடுக்கும்போதுதான் வம்பு.

அதை 1972-லேயே பங்களாதேஷ் செய்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். புதிய அரசியல் சட்டத்தில் குடிமக்கள் எல்லோரும் 'வங்காளிகள்' என்று எழுதினார்கள். சிட்டகாங் மலைநாட்டின் உறுப்பினர், சக்மா பழங்குடியைச் சேர்ந்த மானபேந்திர நாராயண் லர்மா எழுந்து, நான் சக்மா, நான் வங்காளி இல்லை, ஆனால் இந்நாட்டின் குடிமகன் என்று மன்றாடினார். கேட்பாரில்லை, வெளிநடப்புச் செய்தார். மொழிக்காக இவ்வளவு ரத்தம் சிந்திய மக்கள், இன்னொரு மொழிக்காரனின் குரலுக்குக் காது கொடுக்கவில்லை. எனக்கு இதைவிட வேதனையான பக்கம் அந்த வரலாற்றில் இல்லை. பிறகு அரசியல் சட்டத்திலிருந்து மதச்சார்பின்மையை எடுத்தார்கள். 1988-ல் இஸ்லாத்தை அரசு மதமாக்கினார்கள். 2011-ல் மதச்சார்பின்மையைத் திரும்பச் சேர்த்து, அரசு மதத்தையும் வைத்துக்கொண்டார்கள். உன் தோழிகளின் விவாதம் அந்தச் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன். டாக்காவின் முகமதுபூரில் ஜெனீவா கேம்ப் இருக்கிறது. பிரிவினையின்போது பீகார் பக்கமிருந்து வந்த, உருது பேசும் பிஹாரிகள் அங்கே தலைமுறைகளாக நெருக்கடியில் வாழ்கிறார்கள். 1971-ல் அவர்களில் பலர் பாகிஸ்தான் பக்கம் நின்றார்கள், அதற்காகப் பழிவாங்கவும் பட்டார்கள். 1971-ல் சிறுவர்களாக இருந்தவர்களும் அதன்பின் பிறந்தவர்களும் குடிமக்களே என்று உயர் நீதிமன்றம் உறுதிசெய்வதற்கு 2008 வரை ஆனது. அங்கே கபாப் நன்றாக இருக்கும் என்று உன் தோழிகள் கூட்டிப்போவார்கள். சாப்பிட்ட கையோடு திரும்பிவிடாதே. உன் அரைகுறை ஹிந்தி அங்கே உதவும். வயதான ஒருவரிடம் மரியாதையாக உட்கார்ந்து, வாக்காளர் அட்டை கைக்கு வந்தபிறகு வீட்டில் என்ன மாறியது என்று கேள். மலைநாட்டிலிருந்து வந்து உங்கள் தொழிற்சாலையில் தைக்கும் பெண்கள் இருந்தால், அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்றும் விசாரி. எனக்கு விவரமாக எழுது. பெருநாளுக்கு வரும்போது மீதியைப் பேசுவோம்.

துஆவுடன்,
அத்தா